துருவ ஆராய்ச்சியும் தேசங்களின் ஒற்றுமையும்

ஊர் கூடித் தேர் இழுப்பதென்பது எம்மவரிடையே நெடுநாளாக வழங்கிவரும் பேச்சு. வடம் பிடிப்போர் ஆயிரம் பேராயினும், ஆளுக்கொரு வேளையில் ஆளுக்கொரு திசையில் இழுப்பாராயின் தேர் நிலையை விட்டு அசையாது. இழுப்போர் எல்லோரும் தம்முள் நண்பராயிருத்தல் வேண்டுமென்பதுமில்லை. காணி வழக்கிலே எதிரெதிரே நிற்போரும் ஒரே வடத்தைப் பிடிப்பதுண்டு. வேண்டுவதெல்லாம், ஒரு குரலுக்கு எல்லோரும் ஒருங்கே கைகொடுப்பதுதான்.

இவ்வெளிய உண்மையை உலக நாடுகள் பூமியின் இரு முனைகளிலுமுள்ள பனிவெளியிலே மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டன. அவை அதனைக் கற்ற வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும். துருவன் என்னும் பெயர் எமக்கு அசையா நிலையின் அடையாளம். ஆனால் துருவப் பிரதேசங்களோ அசைவு நிறைந்தவை. அங்கே கடற்பனி மிதந்து நகர்கின்றது. காந்தமுனைகள் இடம் பெயர்கின்றன. காற்றும் நீரோட்டமும் அங்கிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவுகின்றன. இவற்றை ஒரு நாடு தனியாக நின்று அளந்தறிதல் இயலாது. இதனை உணர்வதற்கு மனிதருக்கு நெடுங்காலம் சென்றது.

கொடிப் போட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பகுதியிலே துருவப் பயணமென்றால் அது ஓட்டப் பந்தயமாகவே இருந்தது. எந்த நாட்டான் அதிக வடக்கே சென்றான், எந்த அரசனின் பெயர் எந்தத் தீவுக்கு இடப்பட்டது என்பனவே பெரிதும் பேசப்பட்டன. கப்பல்கள் சென்றன, சில திரும்பின, சில திரும்பவில்லை. திரும்பியவர்கள் கரைகளை வரைந்த படங்களையும் வீரக் கதைகளையும் கொணர்ந்தனர். வெப்பமானியும் பாரமானியும் காந்த ஊசியும் உடன் சென்றனவாயினும், ஒருவர் எடுத்த அளவு மற்றவர் எடுத்த அளவோடு பொருந்தவில்லை. காலமும் வேறு, கருவியும் வேறு, முறையும் வேறு.

இப்பந்தயத்திலே தாமும் ஓடி, பெரும் புகழும் பெற்று, பின்னர் அதன் பயனின்மையை வெளிப்படையாக எடுத்துரைத்தவர் கார்ல் வைப்பிரெக்ட் என்பவர். 1838ஆம் ஆண்டு ஜேர்மனியிலுள்ள டார்ம்ஸ்ராட் நகரிற் பிறந்த இவர் ஒஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படையிலே அதிகாரியாகப் பணிபுரிந்தார். 1872ஆம் ஆண்டு 'டெகெற்றொவ்' என்னும் கப்பலில், யூலியஸ் பையர் என்பவரோடு கூட்டுத் தலைமை தாங்கி வடதுருவக் கடலை நோக்கிப் புறப்பட்டார். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே நொவாயா செம்லியாத் தீவுகளுக்கருகில் கப்பல் பனியில் அகப்பட்டுக்கொண்டது. அதன் பின் அது மீளவேயில்லை. பனி தள்ளிச் சென்ற வழியே கப்பலும் சென்றது. மறு ஆண்டு அவ்வாறு மிதந்து செல்கையிலேதான் அதுவரை எவரும் குறித்திராத தீவுக் கூட்டமொன்று அவர்கள் கண்ணிற்பட்டது. அதற்குத் தம் பேரரசரின் பெயரால் பிரான்ஸ் யோசேப் நிலம் என்று பெயரிட்டனர்.

1874 மே மாதம் அவர்கள் கப்பலைக் கைவிட்டுப் படகுகளைப் பனிமீது இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தனர். இரண்டு மாதங்கள் இழுத்து முடிந்தபோது, கைவிட்ட கப்பலுக்கும் அவர்களுக்குமிடையே இருந்த தூரம் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் மாத்திரமே. அவர்கள் தெற்கே இழுக்க, காலின் கீழ்ப் பனி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஆயினும் வைப்பிரெக்ட் எவரையும் கப்பலுக்குத் திரும்பவிடவில்லை. ஓகஸ்ட் மாதத்திலே திறந்த கடலை அடைந்து ருஷ்ய மீன்பிடிக் கப்பலொன்றினால் மீட்கப்பட்டனர். வியன்னா மாநகரம் அவர்களை வெற்றிவீரர்களாக வரவேற்றது.

வைப்பிரெக்ட் கண்ட உண்மை

அத்தகைய வரவேற்பைப் பெற்ற ஒருவர், அடுத்த ஆண்டிலேயே, இத்தகைய பயணங்களால் அறிவுக்கு விளைந்த பயன் மிகச் சிறிது என்று கற்றோர் சபையிற் கூறியது வியப்புக்குரியது. 1875 செப்டெம்பரில் கிறாஸ் நகரிலே கூடிய ஜேர்மன் இயற்கை விஞ்ஞானிகள், வைத்தியர்கள் மகாநாட்டிலே அவர் தமது கொள்கைகளை முன்வைத்தார். புதுநிலம் காண்பது இரண்டாந்தரமானது. இயற்கையின் விதிகளைக் காண்பதே முதன்மையானது. இடத்தின் பெயரையும் கொடியின் பெருமையையும் நாடிச் செல்லும் தனிப் பயணங்கள் போதா. பல நாடுகள் பல இடங்களில் நிலையங்கள் அமைத்து, ஒரே காலத்தில், ஒரேவகைக் கருவிகளால், ஒரே முறைப்படி ஓராண்டு முழுவதும் அவதானிக்க வேண்டும். இதுவே அவர் கூற்றின் சாரம்.

ஒரே காலம் என்பதை அவர் இவ்வளவு வற்புறுத்தியது ஏன்? கப்பலிலிருந்த இரு குளிர்காலங்களிலும் அவர் துருவ ஒளியையும் காந்த ஊசியின் நடுக்கத்தையும் இடையறாது குறித்துவந்தார். வானிலே ஒளி விளையாடும் இரவுகளில் ஊசி அமைதியிழந்தது. ஆனால் அந்த நடுக்கம் அவர் நின்ற இடத்துக்கு மாத்திரம் உரியதா, அல்லது பூமி முழுவதையும் ஒரே கணத்திற் பற்றுவதா? தனியொருவர் எத்தனை ஆண்டு குறித்தாலும் இவ்வினாவுக்கு விடை கிடையாது. நூறு காதம் அப்பால் வேறொருவர் அதே நிமிடத்தில் அதே ஊசியைப் பார்த்திருந்தாலன்றி ஒப்பிடுவதற்கு வழியில்லை. ஆகவே ஒத்துழைப்பு என்பது இங்கே நல்லெண்ணத்தினால் மேற்கொள்ளும் அலங்காரமன்று. வினாவின் இயல்பே அதனை வேண்டி நின்றது.

கொள்கை எளிது, நடைமுறை அரிது. 1877இல் ரோமில் கூடவிருந்த சர்வதேச வளிமண்டலவியல் மகாநாடு ருஷ்ய-துருக்கியப் போர்க் காலத்தில் நடைபெறாது 1879க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஹம்பேர்க் நகரிலே, கடலியல் நிலையத்தின் தலைவரான கேயோர்க் வொன் நொய்மையர் முன்னின்று கூட்டிய மகாநாட்டிலே சர்வதேசத் துருவ ஆணைக்குழு தோன்றியது. 1880இல் பேர்ண் நகரிலும் 1881இல் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலும் அது மீண்டும் கூடி, கருவிகள் முதல் மணிக்கணக்குவரை யாவற்றையும் வகுத்தது. நொய்மையருக்குப் பின் தலைமை ஏற்றவர் ருஷ்யாவில் பணிபுரிந்த சுவிஸ் விஞ்ஞானி ஹைன்றிஹ் வில்ட். ஆனால் இவற்றுக்கெல்லாம் வித்திட்ட வைப்பிரெக்ட் அதன் முளையைக் காணவில்லை. 1881 மார்ச் 29ஆந் திகதி, நாற்பத்திரண்டாம் வயதிலே, சயரோகத்தினால் அவர் மறைந்தார்.

முதலாம் துருவ ஆண்டு

1882 ஓகஸ்ட் முதல் 1883 ஓகஸ்ட் வரையுள்ள காலம் முதலாம் சர்வதேசத் துருவ ஆண்டு எனப் பெயர் பெற்றது. பத்துக்கு மேற்பட்ட நாடுகள் பங்குபற்றின. வடக்கே ஒரு பன்னிரண்டு வரையிலும் தெற்கே இரண்டுமாக நிலையங்கள் எழுந்தன. ஒஸ்திரியர் ஜான் மாயென் தீவிலும், டேனியர் கிறீன்லாந்திலும், ருஷ்யர் லீனா நதி முகத்திலும் நொவாயா செம்லியாவிலும், சுவீடியர் ஸ்பிற்ஸ்பேர்கனிலும், பிரித்தானியர் கனடாவின் றே கோட்டையிலும், அமெரிக்கர் அலாஸ்காவின் பாரோ முனையிலும் தங்கினர். தெற்கே பிரெஞ்சுக்காரர் கேப் ஹோர்ன் பகுதியிலும் ஜேர்மனியர் தென் ஜோர்ஜியாத் தீவிலும் இருந்தனர்.

அக்காலத்தில் உலகுக்குப் பொதுவான மணிக்கணக்கு இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கிறீனிச்சைப் பொதுக் கோடாகக் கொள்ளும் தீர்மானம் 1884இலேதான் எடுக்கப்பட்டது. துருவ நிலையத்தார் ஒரே நிமிடத்திற் கருவியைப் பார்ப்பதெப்படி? 1830களில் கௌஸ், வேபர் என்னும் இரு அறிஞர்களும் கொற்றிங்கன் நகரிலிருந்து புவிக்காந்த அவதானிப்பை நடத்தியபோது அந்நகர் நேரத்தையே எல்லோருக்கும் அளவாகக் கொண்டிருந்தனர். துருவ ஆண்டினரும் அதனையே மேற்கொண்டனர். மணிக்கொருமுறை யாவரும் குறிப்பெடுப்பர். மாதத்தின் முதலாம் பதினைந்தாம் நாள்களில், இருபத்துநான்கு மணி நேரமும் ஐந்து நிமிடத்துக்கொருமுறை காந்த ஊசியைப் பார்ப்பர். ஜேர்மனியின் ஒரு சிறு பல்கலைக்கழக நகரின் மணியோசைக்கு, பிரான்சும் ருஷ்யாவும் அமெரிக்காவும் பனிக்குடிசைகளுக்குள்ளே கண்விழித்திருந்தன. பிரான்சும் ஜேர்மனியும் 1870-71இல் பெரும் போர் புரிந்து பன்னிரண்டு ஆண்டுகளே சென்றிருந்தன என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இவ்வாண்டின் பணி உயிர்ச்சேதமின்றி நிறைவேறவில்லை. ஒல்லாந்தர் ஏறிச்சென்ற 'வார்ணா' கப்பல் குறித்த இடத்தை அடையாமலே காராக் கடலிற் பனியினால் நசுக்கப்பட்டு 1883இல் மூழ்கியது; கப்பலில் இருந்தோர் அந்நிலையிலும் அவதானிப்பைக் கைவிடாது பின்னர் தப்பிச் சென்றனர். மிகக் கொடியது அமெரிக்கரின் பிராங்கிளின் சீமாட்டி குடாவில் நிகழ்ந்தது. லெப்டினன்ட் அடோல்பஸ் கிறீலியின் தலைமையில் 1881இல் அங்கு தங்கியோர் இருபத்தைந்து பேர். அவருள் இருவர் கிறீன்லாந்து வேட்டையர். 1882இல் உணவு கொண்டுவரவேண்டிய கப்பல் வந்து சேரவில்லை. 1883இல் வந்த கப்பல் பனியில் நசுங்கி மூழ்கியது. அவர்கள் தெற்கே பின்வாங்கி சபைன் முனையிலே ஒரு குளிர்காலத்தைப் பட்டினியிற் கழித்தனர். 1884 ஜூன் 22இல் மீட்புக் கப்பல் வந்தபோது உயிரோடிருந்தவர் எழுவர். அவருள்ளும் ஒருவர் சில நாள்களில் இறந்தார். உணவு சுமப்பதற்கே வலிமை போதாத அந்தப் பின்வாங்கலிலும், தமது அவதானிப்புக் குறிப்பேடுகளை அவர்கள் உடன் சுமந்து வந்தனர். இன்று அக்குறிப்புகள் அப்பிரதேசத்தின் பழைய காலநிலையை அறிவதற்கு உதவுகின்றன.

எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. 1883 ஓகஸ்ட் 27இல் கிறக்கட்டோவா எரிமலை வெடித்தது. அதனால் எழுந்த பேரலையை எமது நாட்டுக் காலித் துறைமுகத்திலுள்ளோர் கண்டனர். அதே அலையின் சுவட்டை, அத்திலாந்திக் சமுத்திரத்தின் தென்கோடியிலுள்ள தென் ஜோர்ஜியாவிலே ஜேர்மனிய நிலையத்தின் கடல்மட்ட அளவி பதிந்துவைத்திருந்தது. நாள்தோறும் சலியாது அளப்பவனுக்கே எதிர்பாராதது அகப்படும் என்பதற்கு இஃதொரு சான்று.

குறையும் உண்டு. அவதானிப்பதற்கு ஒன்றுபட்டவர்கள் ஆராய்வதற்கு ஒன்றுபடவில்லை. ஒவ்வொரு நாடும் தன் மொழியிலே, தன் செலவிலே, தனித்தனி நூற்றொகுதிகளை அச்சிட்டது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் திரட்டி ஒப்பிடும் நிலையம் அமைக்கப்படவில்லை. 1891இல் மியூனிக் நகரிற் கூடி ஆணைக்குழு தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. வடமெல்லாம் ஒருங்கே இழுத்தும் தேர் நடுவீதியில் நின்றுவிட்டது போலாயிற்று.

இரண்டாம் துருவ ஆண்டு

ஐம்பது ஆண்டு நிறைவை ஒட்டி மறுபடியும் முயலலாமென்று 1927இல் எடுத்துரைத்தவர் ஜேர்மன் வளிமண்டலவியலாளர் யோகானஸ் கேயோர்கி. இவர் வெறும் ஆலோசனை கூறியவரல்லர். 1930-31 குளிர்காலத்தைக் கிறீன்லாந்துப் பனிப்பீடத்தின் நடுவே, பனியைக் குடைந்த குகையில் இரு தோழரோடு கழித்தவர். டென்மார்க்கின் டான் லா கூர் ஆணைக்குழுவின் தலைவரானார். காந்தமாறுதல்களைத் தானே பதியும் கருவியொன்றை அவரே வகுத்தார்.

குறித்த காலம் வந்தபோது உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்தது. தள்ளிவைத்தால் நன்றென்று கூறியோர் பலர். ஆயினும் 1932 ஓகஸ்டில் வேலை தொடங்கிற்று. நாற்பதளவான நாடுகள் சேர்ந்தன. பிரித்தானியர் முன்பு இருந்த றே கோட்டைப் பகுதிக்கே மீண்டும் சென்றனர்; ஐம்பது ஆண்டுக்கு முந்திய அளவோடு ஒப்பிடுவதற்கு அது வாய்ப்பாயிற்று. பலூனில் ஏறிச்சென்று உயர்வளியின் வெப்பத்தையும் அமுக்கத்தையும் வானொலியால் அறிவிக்கும் புதுக்கருவி பயன்பட்டது. அந்தாட்டிக்காக் கண்டத்தில் நிலையங்கள் அமைக்கும் எண்ணத்துக்கு மாத்திரம் பணம் இடங்கொடுக்கவில்லை. பின் மூண்ட உலகப்போர் மிஞ்சிய பயனையும் சிதைத்தது. ஒன்றுபட்டு அளந்த நாடுகள் ஒன்றையொன்று அழிக்கப் புகுந்தன. 1942இல் லா கூர் காலமானார். குறிப்புகளைச் சேர்த்து முடிக்கும் வேலை போரின் பின்பே நிகழ்ந்தது.

சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டு

மூன்றாம் முயற்சி ஒரு வீட்டுச் சாப்பாட்டின் பின் பிறந்தது. 1950 ஏப்ரில் 5ஆந் திகதி அமெரிக்காவின் மேரிலாந்தில், ஜேம்ஸ் வான் அலன் என்னும் விஞ்ஞானியின் வீட்டிற் சிலர் கூடியிருந்தனர். அவருள் லொயிட் பேர்க்னர், இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் மூன்றாம் துருவ ஆண்டொன்றை நடத்தினாலென்ன என்றார். அவர் இளமையில் பேர்ட் என்பவரின் தென்துருவப் பயணத்திலே வானொலிப் பணியாளராக இருந்தவர். 1957-58இல் சூரியனின் கொந்தளிப்பு உச்சமடையுமென்பதும் கணிக்கப்பட்டிருந்தது. ஆங்கில விஞ்ஞானி சிட்னி சப்மன் அதனை ஆதரித்ததோடு, துருவங்களோடு நில்லாது பூமி முழுவதையும் தழுவுமாறு பின்னர் விரித்தார். அதுவே சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டு. 1957 ஜூலை முதலாந் திகதி தொடங்கி 1958 டிசெம்பர் முடியும்வரை அது நடைபெற்றது. 67 நாடுகள் பங்குபற்றின. அப்பட்டியலிலே இலங்கையின் பெயரும் இருந்தது.

அப்பொழுது வல்லரசுகள் இரண்டும் அணுகுண்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரெதிரே நின்றன. அந்தாட்டிக்காவில் ஏழு நாடுகள் உரிமை கொண்டாடின. பிரித்தானியா, ஆர்ஜென்டீனா, சிலி மூன்றும் ஒரே நிலப்பகுதியைத் தமதென்றன. 1952 பெப்ரவரியிலே ஹோப் குடாவில் இறங்கிய பிரித்தானியரின் தலைக்கு மேலாக ஆர்ஜென்டீனர் இயந்திரத் துப்பாக்கியாற் சுட்டுமிருந்தனர். இந்நிலையில் 1955 ஜூலையில் பாரிஸ் நகரிலே அந்தாட்டிக்கா மகாநாடு கூடியது. தலைமை தாங்கிய பிரெஞ்சுக் கேணல் ஜோர்ஜ் லக்கிளவேயர், இங்கே விஞ்ஞானம் மாத்திரமே பேசப்படும், அரசியலுக்கு இடமில்லை என்று தொடக்கத்திலேயே வரையறுத்தார். தென்முனையிலே நிலையம் அமைக்கச் சோவியத்து ஒன்றியமும் விரும்பியது; அமெரிக்காவும் விரும்பியது. அமெரிக்கா முன்னரே திட்டமிட்டிருந்தமையால் முனை அதற்கு விடப்பட்டது. சோவியத்தினர் இன்னும் கடினமான உள்நாட்டை, காந்தக் கணிப்பின்படி அமைந்த முனையை, ஏற்றுக்கொண்டனர். அங்கே 1957 டிசெம்பரில் எழுந்த வொஸ்டொக் நிலையத்திலேதான் 1983 ஜூலை 21இல் பூச்சியத்துக்குக் கீழ் 89.2 செல்சியஸ் பாகை என்னும் கடுங்குளிர் பதியப்பட்டது.

பன்னிரண்டு நாடுகள் அந்தாட்டிக்காவிலே பணிபுரிந்தன. அமெரிக்கரின் லிற்றில் அமெரிக்கா நிலையத்திலிருந்த காலநிலை மையத்தில் விளாடிமிர் ரஸ்டோர்குயெவ் என்னும் சோவியத்து வளிமண்டலவியலாளர் ஒரு குளிர்காலம் தங்கினார். அதே 1957இல் கோர்டன் கார்ட்ரைட் என்னும் அமெரிக்கர் சோவியத்தினரின் மிர்னி நிலையத்திலே தங்கினார். யப்பானியரின் 'சோயா' கப்பல் பனியில் அகப்பட்டபோது சோவியத்துக் கப்பலான 'ஓப்' வந்து வழி திறந்தது. முதலாம் துருவ ஆண்டின் குறையும் இம்முறை நிவிர்த்தி செய்யப்பட்டது. உலகத் தரவு நிலையங்கள் மூன்று வகுக்கப்பட்டன: ஒன்று அமெரிக்காவில், ஒன்று சோவியத்து ஒன்றியத்தில், மற்றது மேற்கு ஐரோப்பாவிலும் யப்பானிலும் பிற இடங்களிலுமாகப் பகிர்ந்து வைக்கப்பட்டது. எங்கு எடுத்த அளவாயினும் எவரும் கேட்டுப் பெறலாம் என்பதே அதன் நோக்கம்.

இவ்வளவாயினும் அரசியல் வாசலில் முற்றாக நின்றுவிட்டதென்று கூறுதல் பொருந்தாது. தாய்வான் சேர்க்கப்பட்டதை ஏற்காது சீன மக்கள் குடியரசு 1957இல் விலகிக்கொண்டது. எல்லோரும் இழுத்தார்கள் என்னும் புகழ்ச்சியிலே, விலகி நின்ற பெருங்கூட்டமொன்றை மறத்தலாகாது.

வாஷிங்டன் உடன்படிக்கை

பதினெட்டு மாதம் கழிந்ததும் யாவரும் வீடு திரும்பியிருப்பின் இவ்வரலாறு இங்கே முடிந்திருக்கும். ஆனால் கூட்டாய்வைத் தொடர்வதற்கு 1958 பெப்ரவரியில் ஹேக் நகரிலே அந்தாட்டிக்க ஆராய்ச்சி விஞ்ஞானக் குழு அமைந்தது. அவ்வாண்டு மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் மற்றப் பதினொரு நாடுகளையும் அழைத்தார். நீண்ட பேச்சுக்களின் பின் 1959 டிசெம்பர் முதலாந் திகதி வாஷிங்டனில் அந்தாட்டிக்க உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. 1961 ஜூன் 23இல் நடைமுறைக்கு வந்தது.

தென் அகலாங்கு 60 பாகைக்குத் தெற்கே படைத்தளம் கூடாது; அணுகுண்டு வெடித்தலும் அணுக்கழிவு கொட்டுதலும் கூடா; ஆராய்ச்சி எவருக்கும் திறந்தது; முடிவுகளைப் பகிர்தல் வேண்டும்; ஒருவர் நிலையத்தை மற்றவர் பார்வையிடலாம். இவற்றிலும் நுட்பமானது நான்காம் பிரிவு. உரிமை கொண்டாடியவர் தம் உரிமையைக் கைவிடவில்லை. ஏற்காதவர் அதனை ஏற்கவுமில்லை. உடன்படிக்கை நடக்கும்வரை எவர் செய்யும் எச்செயலும் எவர் பக்கத்துக்கும் சான்றாகாது. வழக்கைத் தீர்க்காமலே வழக்காளிகளை ஒரே வயலில் வேலைசெய்ய வைத்த ஏற்பாடு இது. பிரித்தானியாவும் ஆர்ஜென்டீனாவும் போர்புரிந்த அதே 1982இலும் இரு நாட்டாரும் அந்தாட்டிக்கக் கூட்டத்தில் ஒருங்கே அமர்ந்தனர்.

இது செல்வ நாடுகள் சிலவற்றின் தனிச்சங்கம் என்னும் குறைகூற்றும் ஆதாரமற்றதன்று. 1956இல் இந்தியா அந்தாட்டிக்காப் பிரச்சினையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் எழுப்ப முயன்றது. எதிர்ப்பினால் அது கைகூடவில்லை. பின்னர் 1983இல் இந்தியாவே உடன்படிக்கையிற் சேர்ந்து தன் நிலையத்தை அமைத்தது. இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன. 1991இல் மட்ரிட் நகரில் ஒப்பமான நெறிமுறை அங்கு கனிப்பொருள் அகழ்தலையும் தடைசெய்தது.

பொறுமையின் பயன்

இத்தனை பாடுபட்டு அளந்ததனால் உலகுக்கு என்ன கிடைத்தது என்று கேட்போருக்கு ஓர் உதாரணம் போதும். புவிப்பௌதிக ஆண்டுக்காகப் பிரித்தானியாவின் றோயல் சங்கம் 1956இல் ஹலி குடாவிலே ஒரு நிலையம் அமைத்தது. அங்கே வானிலுள்ள ஓசோன் என்னும் வாயுவின் அளவை எளிய ஒளிக்கருவியொன்றினால் ஆண்டுதோறும் குறித்துவந்தனர். கால் நூற்றாண்டுக்கு மேலாக அதில் வியப்பொன்றுமில்லை. இதனால் என்ன பயன், நிறுத்திவிடலாமே என்று எண்ணுதல் எளிது. ஆனால் வசந்த காலத்து அளவு சரிந்து செல்வதை ஜோ பாமன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்கிளின் மூவரும் கண்டு 1985இல் வெளியிட்டனர். பழைய அளவுகள் தொடர்ச்சியாக இருந்தமையாலேயே புதிய அளவு குறைவென்று துணிந்து கூறமுடிந்தது. குளிரூட்டிகளிலும் விசிறு குப்பிகளிலும் பயன்பட்ட குளோரின் சேர்ந்த வாயுக்களே காரணமென்பது தெளிந்தது. 1987இல் மொன்றியல் நெறிமுறை ஒப்பமாயிற்று. வெயிலின் தீய கதிரிலிருந்து உலக மாந்தர் யாவரையும் காக்கும் படலம் இன்று மெல்ல ஆறிவருகின்றது.

வொஸ்டொக்கிலும் அவ்வாறே. சோவியத்தினர் பனியைத் துளைத்தனர்; அமெரிக்க விமானங்கள் ஏற்றிச் சென்றன; குளோட் லோறியஸ் முதலிய பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். பனிக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகளிலிருந்து 160,000 ஆண்டுகளின் கரியமிலவாயுக் கணக்கு 1987இல் வெளியாயிற்று. பின்னர் பத்து ஐரோப்பிய நாடுகள் கூடித் துளைத்த வேறோரிடத்துப் பனி அதனை 800,000 ஆண்டுகளுக்கு நீட்டியது. அவ்வளவு காலத்தினுள்ளும் இவ்வாயு இன்றுள்ள அளவை எட்டியதில்லை. பனிப்போர் என்று பெயர் பெற்ற காலத்திலே மூன்று நாட்டார் கூடித் தொடங்கிய கணக்கு இது.

வடதுருவத்தின் நிலை

தெற்கே கைகூடியது வடக்கே எளிதிற் கைகூடவில்லை. தெற்கே இருப்பது குடிகளற்ற கண்டம். வடக்கே இருப்பதோ நாடுகள் சூழ்ந்த கடல். அதன் பனிக்கடியில் நீர்மூழ்கிகள் உலாவின. அதன் கரைகளிலே இனுயிற் முதலிய மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்துவருகின்றனர். 1987 ஒக்டோபரில் மூர்மன்ஸ்க் நகரிலே கோர்பச்சேவ் ஆற்றிய உரை வழியைத் திறந்தது. 1990 ஓகஸ்டில் கனடாவின் றெசலூட் என்னும் ஊரில் எட்டு நாடுகள் கூடிச் சர்வதேச ஆட்டிக் விஞ்ஞானக் குழுவை நிறுவின. 2007 மார்ச் முதல் 2009 மார்ச் வரை நடந்த நான்காம் முயற்சியிலே அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. முந்திய ஆண்டுகளில் வழிகாட்டிகளாகவும் வேட்டையராகவும் மாத்திரம் எண்ணப்பட்ட வடபுல மக்களின் அறிவும் இம்முறை ஆராய்ச்சியிலே இடம்பெற்றது.

ஆனால் கட்டியது யாவும் நிலைக்குமென்பதற்கு உறுதியில்லை. 2022இல் ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்ததும், மற்ற ஏழு நாடுகளும் மார்ச் மாதத்தில் ஆட்டிக் சபையின் வேலைகளிலிருந்து ஒதுங்கின. பின்னர் சில பணிகள் மட்டுப்பட்ட அளவில் மீண்டும் தொடங்கின. வடதுருவக் கரையோரத்தில் ஏறத்தாழப் பாதி ருஷ்யாவினது. உறைநிலம் உருகி வாயுக்களை வெளிவிடும் பெரும் பரப்பு அங்கே உள்ளது. அப்பாதியின் அளவுகள் கிட்டாவிடின் மற்றப் பாதியின் கணக்கும் ஊனமாகும். படையெடுப்பைக் கண்டியாதிருத்தல் நீதியன்று. அளவுத் தொடர் அறுந்தால் அதன் நட்டம் போர்புரியாத நாட்டாரையும் சேரும். இவ்விரண்டும் மெய்யே. இவ்விடுக்கணுக்கு எளிதான தீர்வு எவரிடமுமில்லை. 2032-33இல் ஐந்தாம் துருவ ஆண்டை நடத்துவதற்கு இப்பொழுது ஆயத்தம் நடைபெறுகின்றது. அப்பொழுது எத்தனை கைகள் வடத்தைப் பற்றுமென்பது பொறுத்திருந்து காணவேண்டியது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது? மனிதர் முதலில் அன்பினால் ஒன்றுபட்டுப் பின்னர் வேலை தொடங்கினர் என்பது இங்கே நிகழவில்லை. முதலில் அளவிலும் வேளையிலும் முறையிலும் உடன்பட்டனர். தாம் அளந்ததை மறைக்காது பகிர்ந்தனர். அந்த ஒழுங்கிலிருந்தே நம்பிக்கை சிறிது சிறிதாக வளர்ந்தது. பகைமை முற்றாக நீங்கட்டும், பின் பார்ப்போம் என்று வைப்பிரெக்டும் லக்கிளவேயரும் காத்திருந்தாராயின் ஹலி குடாவின் கணக்கு தொடங்கியிராது.

மற்றொன்றுமுண்டு. துருவத்திலே கொடி நாட்டியோரின் பெயரைப் பாடசாலை மாணவரும் அறிவர். கொற்றிங்கன் நேரப்படி நள்ளிரவில் எழுந்து, விரல் விறைக்க விறைக்க ஊசியைப் பார்த்து எண்ணெழுதியவரின் பெயரை அறிவார் மிகச் சிலர். எழுதியவருக்கே அவ்வெண்ணின் பயன் தெரியாது. அறுபது, நூறு ஆண்டு சென்றபின் வேறொரு நாட்டார் அதனை எடுத்துப் பயன்கொள்வர். இளைஞராகிய நாம் எப்பணியை ஏற்றாலும் இப்பெயரறியாதோரை நினைத்துக்கொள்ளல் நன்று. இன்று நாம் நேர்மையாகக் குறித்துவைக்கும் கணக்கு, நாம் காணாத ஒருவருக்கு நாம் விட்டுச்செல்லும் முதுசொம்.